பல வருடம் கழித்து ஒரு நாள் மலைநடை: கூட்டமில்லாத ஹவ்கில் குன்றுகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்டவர் மான்செஸ்டர்வாசி. ஒரு காலத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் அடிக்கடி நடந்தவர். பிறகு பிள்ளைகள், இரவுப்பணி, முழங்கால் வலி என்று பதினைந்து வருடம் போய்விட்டது. இப்போது ஒரு முழு நாள் கையில் கிடைத்திருக்கிறது. "கூட்டமே இல்லாத மலை வேண்டும், காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும், உடம்பு தாங்குமா, என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

நேரடியான பதில்: வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள செட்பர் ஊருக்குப் போங்கள். அங்கிருந்து விண்டர், ஆரன்ட் ஹா, கால்டர்ஸ் வழியாக ஹவ்கில் குன்றுகளின் உச்சியான 'தி காஃப்' வரை நடந்து, போன வழியிலேயே திரும்புங்கள். உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இந்தப் பாதையை நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே, எந்த இடத்தில் திரும்பினாலும் அந்த நாள் முழுமையாக இருக்கும் என்பதுதான்.

புதிதாக மலை ஏறுபவரைவிட, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன். புதியவருக்குப் பயம் இருக்கும், சிறிய குன்றாகத் தேடுவார். பழையவருக்கு மனசில் பழைய கணக்கே ஓடும். 'ஹெல்வெலின் மலையையே மதியத்துக்குள் முடித்தவன்தானே நான்' என்று தொடங்குவார். மூச்சுக்கூட ஓரளவு ஒத்துழைக்கும், ஏனென்றால் ஏறும்போது வேகத்தைக் குறைத்தால் போதும். காலை வாருவது இறக்கம்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்குப் பழக்கம் விட்டுப்போன தசையில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் படுத்தி எடுக்கும். அதைவிட மோசம், மலையிலேயே கடைசி ஒரு மணி நேரத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்குவது. தடுக்கி விழுவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தசைக்கு ஞாபகம் உண்டு. ஒரே ஒரு தடவை மிதமான இறக்கம் இறங்கிவிட்டால்கூட, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு வலிக்காது. ஆகவே பெரிய நாளுக்கு ஒரு பத்து, பதினைந்து நாள் முன்பு ஹார்விச் பக்கம் உள்ள ரிவிங்டன் பைக் ஏறி இறங்குங்கள். 363 மீட்டர்தான், உங்கள் வீட்டிலிருந்து பக்கம். அதற்கும் முன்னால் சில வாரங்கள், அலுவலகத்திலோ பல அடுக்கு கார் நிறுத்தத்திலோ மேலே லிஃப்டில் போய், கீழே படியில் இறங்கிப் பழகுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். முழங்கால் வலி பழையது என்றால், கிளம்பும் முன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக்கொள்வது உசிதம். இரண்டு நடைக்கோல்கள் கட்டாயம். இறங்கும்போது அவற்றின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் முழங்காலுக்குப் பெரிய உதவி.

அடுத்தது பரணில் இருக்கும் பழைய பூட்ஸ். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். ஆனால் பெரும்பாலான மலை பூட்ஸ்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி அது உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. விசித்திரம் என்னவென்றால், போட்டு நடக்கும் பூட்ஸைவிடப் பெட்டியில் சும்மா கிடக்கும் பூட்ஸே இப்படிச் சீக்கிரம் கெடுகிறது. வீட்டில் போட்டுப் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது, மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் முழுசாகக் கழன்று தொங்கும். பதினைந்து வருடப் பூட்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், புதிது வாங்கி, ஒரு மாதம் தெருவில் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். மழைக்கோட்டின் உட்பக்கத்தில் தையலை மூடியிருக்கும் நாடா உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் அது இனி மழைக்கோட்டு அல்ல. தலைவிளக்கில் பழைய பேட்டரியை விட்டு வைத்திருந்தால் அது கசிந்து உள்ளே பச்சை பூத்திருக்கும்.

இனி ஊரும் மலையும். செட்பர், எம்6 நெடுஞ்சாலையின் 37ஆம் சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அதே சாலையில் லேக் டிஸ்ட்ரிக்டை நோக்கிப் போகும் கார்கள் இந்தக் குன்றுகளின் அடிவாரத்தை உரசிக்கொண்டுதான் பறக்கின்றன, நிற்பவர்கள் குறைவு. ஏரி கிடையாது, பெயர்பெற்ற செங்குத்துப் பாறைமுகடு கிடையாது, ஆயிரம் மீட்டரை நெருங்கும் உயரமும் கிடையாது. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக்கோடு படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 676 மீட்டர் காஃப் எந்த விதத்தில் கவர்ச்சி? அதனால்தான் அங்கே அமைதி மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு காரணம் நிர்வாகம். 1954இல் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா அமைந்தபோது எல்லைக்கோடு பழைய மாவட்ட எல்லையை ஒட்டி இழுக்கப்பட்டது. அதனால் ஹவ்கில் குன்றுகளில் தெற்குப் பாதி பூங்காவுக்குள்ளும், வடக்குப் பாதி வெளியிலும் நின்றன. 2016 ஆகஸ்டில்தான் வடபகுதியும் சேர்க்கப்பட்டது. நீங்கள் நடந்த காலத்து வரைபடத்தில் இந்த மாற்றம் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், யார்க்‌ஷயர் டேல்ஸ் பூங்காவில் இருந்தாலும் செட்பர் 1974இலிருந்து கம்ப்ரியாவில் இருக்கிறது.

நிலத்தின் சுபாவமும் உங்களுக்கு ஏற்றது. கிழக்கே டென்ட் பிளவு என்ற நிலப்பிளவைத் தாண்டினால் சுண்ணாம்புப் பாறை நாடு. இந்தப் பக்கம் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய சிலேட்டும் மணற்பாறையும். அவை மழுங்கித் தேய்ந்து, மேலே புல் போர்த்திய வழுவழுப்பான முதுகுகளாக நிற்கின்றன. படுத்திருக்கும் யானைக்கூட்டம் போல என்று இங்கிலாந்துக்காரர்களே சொல்வதுண்டு, நமக்கு அதை விளக்கவே வேண்டாம். கற்குவியலில் காலை மடக்கி மடக்கி வைக்கும் வேலை இல்லாததால் முழங்காலுக்கு இது கருணையான மலை. ஒரே எச்சரிக்கை: ஈரமான செங்குத்துப் புல்சரிவு பாறையைவிட வழுக்கும். மழை உடை போட்டுக்கொண்டு அதில் விழுந்தால் நிற்பது கஷ்டம். பாதையை விட்டுச் சரிவில் குறுக்குவழி தேடாதீர்கள்.

மேலே போனால் சுவரே இல்லை. டேல்ஸ் பகுதியின் மற்ற மலைகளில் கற்சுவர் உச்சிவரை ஏறும், இங்கே கீழ்வயல்களோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது பல பண்ணைகள் பொதுவில் மேய்க்கும் நிலம். சுவர் இல்லாமல் ஆடு எப்படித் தன் இடத்தில் நிற்கிறது? ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் ஒரு பங்கு உண்டு. குட்டி தாயோடு மேயும்போதே அந்தப் பங்கின் எல்லையைக் கற்றுக்கொள்கிறது, பிறகு தன் குட்டிக்கு அது கற்றுத்தருகிறது. 'ஹெஃப்ட்' என்று இந்த வழக்கத்தைச் சொல்கிறார்கள். 2001இல் கோமாரி நோய் கம்ப்ரியாவைப் புரட்டிப்போட்டபோது விவசாயிகள் பயந்தது ஆடுகளை இழப்பதற்கு மட்டுமல்ல. ஒரு மந்தை முழுதும் அழிந்தால் அந்த எல்லை அறிவும் அதோடு போய்விடும், புதிதாக வாங்கிவந்த ஆட்டுக்கு அதை யாரும் சொல்லித்தர முடியாது. அந்த வருடம் மலைப்பாதைகளையெல்லாம் மூடி வைத்திருந்தார்கள், நினைவிருக்கும். இங்கே நீங்கள் பார்க்கப்போகும் கொம்பும், கறுப்பு வெள்ளை முகமும், தரையைத் தொடும் கம்பளியும் உள்ள ஆடு 'ரஃப் ஃபெல்' இனம், இந்த வட்டாரத்தின் சொந்த ஆடு. உச்சிப் பக்கம் பாதி காட்டுத்தனமான ஃபெல் மட்டக்குதிரைகளும் திரியும். தீனி காட்டாதீர்கள், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள்.

பாதைக்கு வருவோம். ஊருக்குள் ஜாஸ் லேன் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஹவ்கில் லேன் வழியே நடந்து, லாக்பேங்க் பண்ணைக்குத் திரும்புங்கள். பண்ணையைத் தாண்டியதும் வரும் கதவைத் திறந்தால் திறந்த மலை. அங்கிருந்து விண்டர் உச்சி 473 மீட்டர். ஊர் ஏறக்குறைய 120 மீட்டரில் இருப்பதால், முழு நாளின் கடினமான ஏற்றத்தில் பாதி இந்த முதல் துண்டிலேயே முடிந்துவிடும். நேரே ஏறும் செங்குத்து வழி ஒன்று உண்டு, மேற்கே சாய்ந்து சுற்றும் வழி ஒன்று உண்டு. சாய்ந்த வழியே போங்கள். நாளின் முதல் மணி நேரத்தில் இதயத்தைத் தொண்டைக்கு வரவழைப்பதில் ஒரு லாபமும் இல்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதுதான் அளவு. தனியாகப் போனால் ஏதாவது பழைய பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள், பாட்டின் ஒரு வரி முடியும் முன் மூச்சு முடிந்தால் வேகம் அதிகம்.

விண்டர் உச்சியில் திசைகாட்டும் வட்டப் பலகை ஒன்று இருக்கிறது. தெளிவான நாளில் தென்மேற்கே மோர்கம் விரிகுடாவின் பளபளப்பு வரை தெரியும். இது முதல் முடிவெடுக்கும் இடம். இங்கேயே மூட்டு முனகினால், உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு இறங்குங்கள், மூன்று மணி நேரத்தில் அருமையான ஒரு மலை முடிந்திருக்கும். நன்றாக இருந்தால் பாதை மெல்ல ஏறி 605 மீட்டர் ஆரன்ட் ஹாவை ஒட்டிப் போகும். அது இரண்டாவது முடிவிடம். அதன்பின் ஒரு குறுகலான சேணம் போன்ற தாழ்வில் இறங்கி, வேலி ஓடும் கால்டர்ஸுக்கு ஒரு ஏற்றம். 674 மீட்டர். கால்டர்ஸிலிருந்து காஃப் வெறும் 2 மீட்டர்தான் உயரம், நடுவில் பெரிய தாழ்வும் இல்லை, முதுகின்மேல் உலாத்துவது மாதிரி இருக்கும். உச்சியில் நில அளவைத் தூண். மேற்கே லேக் டிஸ்ட்ரிக்டின் மொத்த மலை வரிசையும், தெற்கே வெர்ன்சைடும் இங்கிள்பரோவும் நிற்கும். நீங்கள் முன்பு நடந்த மலைகளைப் பெயர் சொல்லி எண்ண இதைவிட நல்ல மேடை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்கச் சொல்கிறேன். செட்பருக்குத் தெற்கே 'காஃப் டாப்' என்று வேறொரு மலை இருக்கிறது. கைப்பேசியில் அவசரமாகத் தட்டினால் அது வந்து நிற்கும். 2000 அடி, அதாவது 609.6 மீட்டர், தொட்டால்தான் மலை என்பது இங்கே பலர் வைத்திருக்கும் கணக்கு. 2016இல் துல்லியமாக அளந்தபோது காஃப் டாப் அந்தக் கோட்டை 6 மில்லிமீட்டரில் தாண்டியது தெரியவந்தது. புல் ஒரு வாரம் வளர்ந்தாலே அதைவிட அதிகம் வருமே என்று சிரித்தாலும், அதற்காகவே அதை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதிதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை மணி நேரம். செட்பரிலிருந்து காஃப் ஒருவழி சுமார் 8 கிலோமீட்டர், ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றம். விதிப்படி மூன்று மணி நேரத்துக்குள் வரும். நெய்ஸ்மித் சுறுசுறுப்பானவர், நிற்பதையும் சாப்பிடுவதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்கள் அதன்மேல் பாதி சேர்த்து நாலு, நாலரை மணி நேரம் என்று வையுங்கள். இறங்க மூன்று மணி நேரம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால், எங்கே இருந்தாலும் ஒன்றரைக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். மேலே நின்று 'இன்னும் பத்து நிமிஷம்தானே' என்று மனசு பேசத் தொடங்கினால் அதற்குப் பதில் சொல்லத் தாளில் எழுதிய நேரம் வேண்டும்.

காட்லி ஸ்பவுட் அருவிப் பக்கமாக இறங்கி வட்டமடித்தால் என்ன என்று கேட்பீர்கள், வரைபடம் பார்த்த யாரும் கேட்பார்கள். பல படிகளாக மொத்தம் 198 மீட்டர் விழும் அருவி, நிலத்துக்கு மேலே விழுவதில் இங்கிலாந்தின் மிக உயரமான தொடர் அருவி என்று பெயர். உண்மையிலேயே அழகு. ஆனால் அதன் ஓரமாக இறங்கும் கற்படிப் பாதை, உங்கள் தொடை களைத்த நேரத்தில் செங்குத்தாக இறக்கிவிடும், அதன்பிறகு ராதி ஆற்றை ஒட்டி ஊருக்கு நீண்ட நடை பாக்கி இருக்கும். மொத்தம் 17, 18 கிலோமீட்டர் ஆகிவிடும். முதல் தடவைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அருவியைத்தான் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் 'கிராஸ் கீஸ்' விடுதி பக்கம் வண்டியை விட்டு, ஆற்றுப்பாலத்தைக் கடந்து அரைமணி நடந்தால் அருவியின் அடிக்கே போய்விடலாம். அந்த விடுதி பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமானது, மது விற்காதது என்பதற்காகவே பெயர்பெற்றது. அங்கே சாப்பிடும் யோசனை இருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹவ்கிலின் உண்மையான ஆபத்து பனிமூட்டம்தான். முதுகுகள் எல்லாம் ஒரே மாதிரி, சுவர் இல்லை, அடையாளப் பாறை இல்லை. மூட்டத்தில் காஃப் உச்சியில் ஒருமுறை சுற்றி நின்றால் தெற்கு எது என்று தெரியாது. வடக்கே நீளும் முதுகில் தவறி இறங்கினால் பவுடர்டேல் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்வீர்கள், உங்கள் கார் மலைத்தொடரின் மறுபக்கம் இருக்கும். ஆகவே ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்19 என்ற எண்ணுள்ள வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும், கைப்பேசி மட்டும் போதாது. இதில் உங்களுக்கு ஒரு சௌகரியம்: நீங்கள் பழகிய காலத்தில் காந்த வடக்கு வரைபட வடக்குக்குச் சில பாகை மேற்கே இருந்தது, கூட்டிக் கழித்தே திசை பிடித்திருப்பீர்கள். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே வந்து, 2022 நவம்பரில் டார்செட் கடற்கரையில் உண்மை வடக்கு, வரைபட வடக்கு, காந்த வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தன. செட்பர் பக்கம் இப்போது வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. பழைய பழக்கத்தில் பாகையைக் கூட்டினீர்களானால்தான் தவறிப்போவீர்கள்.

உயரம் கூடக்கூட ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், எனவே ஊரைவிட உச்சியில் மூன்று, நாலு டிகிரி குறைவு. அது பெரிதல்ல, காற்றுதான் பெரிது. முதல்நாள் மாலை வானிலை நிலையத்தின் மலைக்கான முன்னறிவிப்பில் மழையைப் பார்க்கும் முன் காற்றின் வேகத்தையும் மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதையும் பாருங்கள். முகட்டில் காற்று மணிக்கு 40 மைல் என்றால் போகாதீர்கள். மேகம் 600 மீட்டருக்குக் கீழே என்றால் விண்டரோடு திரும்புங்கள்.

எந்த மாதம்? மே, செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கீழ்ச்சரிவில் பெரணி இடுப்பளவு நிற்கும், அதில் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் தேடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி அடுத்த சில வாரங்களில் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்கள். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்கூட இராது, உங்கள் கணக்குக்கு அது பற்றாது. வார நாள் கிடைத்தால் வார நாள். நாய் உண்டென்றால் மார்ச் முதல் ஜூலை முடிய திறந்த மலையில் கயிற்றில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும், அது சட்டம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. புளிசாதம் கட்டிக்கொண்டு போகிற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் குளிரில் சோறு விறைத்து அரிசியாகவே திரும்பிவிடும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டியது, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஃப்ளாஸ்கில் இஞ்சித் தேநீர் என்றால் கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம். ஓடைத் தண்ணீருக்கு மேலே எப்போதும் ஓர் ஆடு நிற்கும், வீட்டிலிருந்தே ஒன்றரை லிட்டர் எடுத்துப்போங்கள்.

யாராவது ஒருவரிடம் பாதையையும் இத்தனை மணிக்குள் அழைப்பேன் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரம் வந்தால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக்குழு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் அதற்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். இப்போதே செய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. விசில் என்றால் ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

வானிலை கைவிட்டால் மான்செஸ்டரிலிருந்து வந்த பயணத்தை வீணாக்க வேண்டாம். செட்பரிலிருந்து ஆற்றங்கரைப் பாதையில் பிரிக்ஃப்ளாட்ஸுக்கு நடங்கள். 1675இல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கட்டிய வழிபாட்டு இல்லம் வெள்ளைச் சுவரோடு அங்கே இருக்கிறது. 1652 ஜூனில் குவேக்கர் இயக்கத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் பக்கத்து ஃபர்பேங்க் குன்றில் ஒரு பாறைமேல் நின்று பெருங்கூட்டத்துக்குப் பேசினார், அந்த இயக்கம் வேர்பிடித்தது அங்கேதான். இல்லத்தையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. செட்பர் தன்னைப் புத்தக ஊர் என்றே சொல்லிக்கொள்கிறது. விண்டருக்கு வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.